ஐந்தாவது தந்தி ஏன் குட்டை? அப்பலாச்சிய மலையிசை: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் வந்த கட்டுரையால் இந்த மாதம் கேள்விகள் எல்லாமே அமெரிக்காவின் கிழக்கே நீளும் அப்பலாச்சிய மலைகளின் இசையைப் பற்றியே வந்திருக்கின்றன. வட கரோலினாவின் மேற்குப் பகுதி, தென்மேற்கு வர்ஜீனியா, கிழக்கு டென்னசி, கிழக்கு கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா ஆகிய வட்டாரங்களில் ஃபிடிலும் (வயலினேதான்) பாஞ்சோவும் சேர்ந்து வாசிக்கும் பழைய மரபுக்கு 'ஓல்ட் டைம்' என்று பெயர். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைப் பற்றியவை.

எங்கள் ஊர்க் கச்சேரிகளில் 'பாஞ்சோ' என்று ஒன்று வாசிப்பார்கள். தட்டச்சு மிஷின் மாதிரி பித்தான்கள் இருக்கும். நீங்கள் எழுதியதும் அதுவும் ஒன்றா? வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?
(வாசகர், நாகூர்)

இரண்டும் வேறு. நீங்கள் பார்த்தது புல்புல் தரங். ஜப்பானின் தைஷோகோட்டோ என்ற கருவியின் வழியில் வந்தது. பெயர் மட்டும் எப்படியோ அதற்கும் ஒட்டிக்கொண்டது.

மலைப் பாஞ்சோவுக்கு வட்டமான மரச்சட்டம், அதன் மேல் இழுத்துக் கட்டிய தோல், நீண்ட கழுத்து. தோலின் விட்டம் பொதுவாக 11 அங்குலம். சிலர் 12 அங்குலம் விரும்புவார்கள். தந்திகள் ஐந்து. ஐந்தாவது தந்தி மட்டும் கழுத்தின் பாதியில், ஐந்தாம் மெட்டுக்கு (விரல் வைக்கக் கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) அருகே, தனிப் பிரடையோடு (தந்தியை முறுக்கும் ஆணி) தொடங்கும். அதனால்தான் குட்டை. அதை விரலால் அழுத்தி வாசிப்பது அபூர்வம். கட்டைவிரல் தொடும்போதெல்லாம் ஒரே உச்ச சுரம் ஒலிக்கும். தம்புரா செய்கிற வேலைதான், ஆனால் தாளத்தோடு செய்கிறது.

கடையில் 'பாஞ்சோ' என்று கேட்டால் நான்கு தந்தி டெனர் பாஞ்சோவை நீட்டுவார்கள். அது ஜாஸுக்கும் ஐரிஷ் இசைக்கும் உரியது. ஆறு தந்தி பாஞ்சோ என்பது பாஞ்சோ உடம்பில் கிட்டார். இரண்டும் உங்களுக்கு உதவாது. ஐந்து தந்தி, பின்பக்கம் திறந்தது என்று கேளுங்கள். பின்பக்கம் மரக் கிண்ணம் பொருத்தியது புளூகிராஸ் என்ற பிற்கால மேடை இசைக்கு; ஒலி உரக்க வரும், மடியில் வைத்தால் பாரமும் தெரியும். பழையதாக வாங்கினால் மூன்றைச் சோதியுங்கள். கழுத்து நேராக இருக்கிறதா, ஐந்தாவது தந்தியின் பிரடை பல்சக்கரம் உள்ளதா, பன்னிரண்டாம் மெட்டில் தந்தி சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறதா. உராய்வில் மட்டும் நிற்கும் பழைய பிரடை, வாசிக்க வாசிக்க நழுவிக்கொண்டே இருக்கும். புதிதாகக் கற்பவரின் பொறுமை அங்கேயே போய்விடும்.

கிட்டார் வாசிப்பேன். பாஞ்சோவின் 'கிளாஹேமர்' முறையை வீடியோ பார்த்து இரண்டு மாதமாக முயல்கிறேன். சத்தம் வருகிறது, நடை வரவில்லை. எங்கே தவறு?
(மாணவர், கோயம்புத்தூர்)

பெரும்பாலும் விரலில்தான். கிட்டாரில் விரல் தந்தியை மேல்நோக்கி இழுக்கிறது. இங்கே ஆள்காட்டி விரல் அல்லது நடுவிரலின் நகத்தின் மேற்புறம் தந்தியைக் கீழ்நோக்கித் தட்ட வேண்டும். கிட்டார்க்காரர்கள் அந்த இடத்தில் கேரம் காயைச் சுண்டுவதுபோல விரலை விசுக்கென நிமிர்த்துவார்கள். சுண்டினால் வேகம் வராது, சத்தமும் ஒரே அளவாக இருக்காது. சிறிய டம்ளரைப் பிடித்த மாதிரி விரல்களை மடக்கி, அந்த வடிவத்தை மாற்றாமல், மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து கதவைத் தட்டுவதுபோல இறங்கட்டும்.

அடுத்தது கட்டைவிரல். கை ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கட்டைவிரல் ஐந்தாவது தந்தியின் மேல் வந்து உட்கார வேண்டும், ஒலிக்க வேண்டிய நேரமாக இல்லாவிட்டாலும். இந்த ஒரு பழக்கம் இல்லாமல் நடை அமையாது. நடையைச் சொல்லாகச் சொன்னால் 'தாம், தக'. 'தாம்' ஒரு முழு அடி: ஒற்றைத் தந்தியில் நகம். அடுத்த அடியின் முதல் பாதி 'த': நகம் மேலிருந்து ஒன்றிரண்டு தந்திகளை லேசாக உரசும். இரண்டாம் பாதி 'க': உட்கார்ந்திருந்த கட்டைவிரல் ஐந்தாவது தந்தியை விட்டு எழும்போது அது தானாக ஒலிக்கும்.

இடக்கையால் தந்திகளை அடக்கிக்கொண்டு, சுரமே இல்லாமல், நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் தினம் பத்து நிமிடம் இதை மட்டும் செய்யுங்கள். 'க' தாமதமாக வந்தால் குதிரை நொண்டுவதுபோல் கேட்கும். கட்டைவிரல் முன்கூட்டியே உட்காரவில்லை என்று பொருள். 'த' இரைச்சலாகக் கேட்டால் நான்கு தந்திகளையும் வாரிப் பெருக்குகிறீர்கள். இரண்டும் சரியான பிறகு சுரத்துக்கு வாருங்கள். நடனத்துக்கு வாசிக்கும் வேகம் 100-க்கு மேல், ஆனால் அங்கே ஓட அவசரம் வேண்டாம்.

நகம் விரல்நுனியைத் தாண்டி 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும். இரும்புத் தந்தி நகத்தைத் தின்னும். உடைந்துபோனால் டேபிள் டென்னிஸ் பந்தை வெட்டி ஒட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. கேட்க வேடிக்கை, ஆனால் வேலை செய்யும். தோலின் நடுவில் தட்டாமல் கழுத்து தோலோடு சேரும் இடத்துக்கு மேலே தட்டிப் பாருங்கள். ஒலி உருண்டு, மென்மையாக வரும். இதற்காகவே அந்த இடத்தில் கழுத்தைக் குழிவாகச் செதுக்கிய பாஞ்சோக்கள் கிடைக்கின்றன.

சுருதிக் கூட்டல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஐந்தாவது தந்தியிலிருந்து ஒன்றாவது வரை ஜி-டி-ஜி-பி-டி என்பது தொடக்கம். இரண்டாவது தந்தியை மட்டும் அரை சுரம் ஏற்றி ஜி-டி-ஜி-சி-டி ஆக்கினால் காந்தாரம் காணாமல் போகும். மலைப்பாட்டுகளின் அந்த வெறுமையான ஒலி வருவது அங்கிருந்துதான். டி சுருதிப் பாட்டுகளுக்கு ஜி-சி-ஜி-சி-டி என்று மாற்றி, இரண்டாம் மெட்டில் கேப்போ (கழுத்தின் குறுக்கே தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, ஐந்தாவது தந்தியை ஏ ஆக்குவார்கள். கேப்போ ஐந்தாவது தந்தியைத் தொடாது அல்லவா? அதற்கு ஏழாம் மெட்டருகே சிறு ஆணி ஒன்றை அடித்து, தந்தியை அதன் அடியில் செருகிவிடுவார்கள். பொம்மை ரயில் தண்டவாளத்துக்குரிய ஆணி அளவில் கச்சிதமாகப் பொருந்துவதால் பாஞ்சோ பழுது பார்ப்பவர்கள் அதையே வாங்கி வைத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய பாஞ்சோவில் அசல் கன்றுத்தோல். அக்டோபர் வந்தால் தந்தி மெட்டில் இடித்து இரைகிறது. சுருதியும் மேல் மெட்டுகளில் சேரவில்லை. என்ன செய்வது?
(வாசகி, சென்னை)

மிருதங்கக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஈரக்காற்றில் தோல் தளரும். தளர்ந்தால் அதன் மேல் நின்று தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரை அமிழும், தந்தி இறங்கும், மெட்டில் இடிக்கும். சட்டத்தைச் சுற்றியுள்ள கொக்கிகளின் மரைகளை முடுக்கினால் சரியாகும். ஆனால் ஒரே பக்கம் முடுக்கக் கூடாது. எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கால் சுற்று. ஒரு வட்டம் முடிந்ததும் தட்டிப் பார்த்து, தேவையானால் இன்னொரு கால் சுற்று. ஒரு பக்கம் அதிகம் இறங்கினால் மேல்வளையம் சாய்ந்து தோல் அந்த ஓரத்தில் கிழியும்.

பலரும் மறப்பது இதற்கு அடுத்த கட்டம். மழைக்காலத்தில் முடுக்கியதை, காற்று காய்ந்ததும் தளர்த்த வேண்டும். குளிரூட்டிய அறைக்குள் கொண்டுபோனாலும் அதேதான். முடுக்கிய தோல் காய்ந்து இறுகினால் ஒருநாள் இரவு 'படார்' என்று போய்விடும். அடிக்கடி முடுக்கித் தளர்த்த மனமில்லையென்றால் இரண்டு குதிரைகள் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான உயரம் சுமார் 16 மில்லிமீட்டர். மழைக்காலத்துக்கு அதைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர்ந்த ஒன்று.

உண்மையைச் சொன்னால், சென்னையில் தினசரி வாசிப்புக்குத் தோல் வேண்டாம். 1950-களின் பிற்பகுதியில் பாலியெஸ்டர் தோல் வந்தபோது மலையிலேயே பலர் மாறிவிட்டார்கள். கன்றுத்தோலின் மங்கிய ஒலி வேண்டுமென்றால் ரெமோ நிறுவனத்தின் ஃபைபர்ஸ்கின் கிட்டத்தட்ட அதைத் தரும், வானிலையைப் பொருட்படுத்தாது. அசல் தோலையே புதிதாகப் போடுவதென்றால் குளிர்ந்த நீரில் அரை மணிக்குள் ஊறவைத்து, வளையத்தில் சுற்றிச் செருகி, லேசான இழுப்பில் நிறுத்தி, நிழலில் ஒரு முழு நாள் காயவிட்டு, அதன்பின் முடுக்குங்கள். ஈரத்திலேயே இறுக்கிவிட்டால் காயும்போது தாங்காது. வெந்நீரும் வெயிலும் கூடவே கூடாது.

மேல் மெட்டுகளில் சுருதி சேராததற்குக் காரணம் குதிரை நகர்ந்திருப்பது. பாஞ்சோவில் குதிரையை ஒட்டுவதில்லை; தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். பன்னிரண்டாம் மெட்டின் நேர் மேலே தந்தியை விரலால் தொட்டு மணிபோல ஒரு ஒலி எடுங்கள். பிறகு அதே மெட்டில் அழுத்தி வாசியுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் குதிரையைக் கழுத்திலிருந்து தள்ளி நகர்த்துங்கள். இறங்கியிருந்தால் கழுத்தை நோக்கி. தந்திகளை இலேசாகத் தளர்த்திவிட்டு, ஒருமுறைக்கு அரை மில்லிமீட்டர் போதும். சரியான இடம் கிடைத்ததும் பென்சிலால் குறித்து வையுங்கள்.

கர்நாடக வயலின் எட்டு ஆண்டுகளாகக் கற்கிறேன். மலை ஃபிடிலுக்குத் தனிக் கருவி வேண்டுமா? சுருதி எப்படி?
(மாணவி, கும்பகோணம்)

கருவி ஒன்றேதான். சுருதியில் உங்களுக்கு ஓர் ஆச்சரியம் இருக்கிறது. மேற்கத்திய வயலின் ஜி-டி-ஏ-ஈ. நீங்கள் ச-ப-ச-ப என்று கூட்டுகிறீர்கள். மலை ஃபிடில்காரர்கள் பல பாட்டுகளுக்கு ஏ-ஈ-ஏ-ஈ என்றோ ஜி-டி-ஜி-டி என்றோ மாற்றிக்கொள்வார்கள். அதுவும் ச-ப-ச-ப தான்! 5 கட்டை சுருதியில் நீங்கள் கூட்டி வைத்திருந்தால் ஜி-டி-ஜி-டி ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்று வந்ததில்லை. ஆதார சுருதியைத் திறந்த தந்தியில் நிறுத்தி ஒலிக்கவிட வேண்டும் என்ற தேவை ஒன்றாக இருந்தது, விடையும் ஒன்றாக அமைந்தது.

மேற்கத்திய முறையில் கூட்டிய வயலினை ஏ-ஈ-ஏ-ஈ ஆக்குவதென்றால் எச்சரிக்கை. கீழ் இரண்டு தந்திகளையும் ஒரு முழு சுரம் ஏற்றுகிறீர்கள். இழுவிசை கால் பங்குக்கு மேல், சுமார் 26 சதவீதம் கூடும். பழைய தந்தி அறும், குதிரையும் முன்னால் சாயும். ஏற்றிய பின் குதிரையின் பின்முகம் நேராக நிற்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். பயமாக இருந்தால் மேல் இரண்டு தந்திகளை இறக்கி ஜி-டி-ஜி-டி ஆக்குங்கள்; விரல் வைக்கும் முறை அதேதான்.

உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது வில். கர்நாடக வாசிப்பில் நீண்ட வில்லுக்குள் இடக்கை சங்கதிகளைப் போடுகிறது. இங்கே தலைகீழ்: இடக்கை எளிது, தாளம் முழுக்க வில்லில். அடிப்படை அசைவு ஒரு நீளம், இரு குறில்; 'தாம் தக' என்று பாஞ்சோவுக்குச் சொன்னதே. இரண்டு கருவிகளும் பின்னிக்கொள்வது அந்த நடையில்தான். வில்லின் நடுப்பகுதியில் ஒரு கையகல நீளத்துக்குள் வாசியுங்கள். பல மூத்த கலைஞர்கள் வில்லை அடிக்கட்டையில் பிடிக்காமல் சற்று மேலே தள்ளிப் பிடிப்பார்கள். பக்கத்துத் தந்தியையும் சேர்த்து உரசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் சிலர் குதிரையின் வளைவைச் சீவித் தட்டையாக்குவார்கள். உங்கள் கச்சேரி வயலினில் அதைச் செய்துவிடாதீர்கள், குருவிடம் பதில் சொல்ல முடியாது. தனியாக ஒரு குதிரை வாங்கிச் சீவுங்கள்.

கமகத்தைக் கழற்றி வையுங்கள். சுரத்துக்குள் கீழிருந்து ஒரு சிறு வழுக்கல் போதும். ஆனால் காந்தாரத்தைக் கவனியுங்கள்: பழைய பதிவுகளில் அது சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை, நடுவில் நிற்கும். நிஷாதமும் பல நேரம் அப்படித்தான். பியானோவுக்குப் பழகிய காது அதை அபசுரம் என்று திருத்திவிடும். நீங்கள் திருத்த வேண்டாம்.

பாட்டுகளின் அமைப்பு எளிது. இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்தால் 32 தாளக்கட்டு, அதுதான் ஒரு சுற்று. தாழ்ந்த தந்திகளில் வரும் பகுதியைப் 'பருமன்' என்றும் உச்ச தந்திகளில் வருவதை 'நயம்' என்றும் பொருள்படும் சொற்களால் பழைய ஆட்கள் குறிப்பிடுவார்கள். சில பாட்டுகளில் ஓர் அடி கூடும் அல்லது குறையும். அவற்றைக் 'கோணல் பாட்டு' என்பார்கள். எண்ணிக்கொண்டு வாசித்தால் கண்டிப்பாகத் தவறும். மெட்டை மனத்தில் பாடிக்கொண்டு வாசித்தால் தவறாது.

இது ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து வந்த வெள்ளையர் இசைதானே? மலையில் ஒதுங்கியிருந்ததால் கலப்பில்லாமல் பிழைத்தது என்று படித்திருக்கிறேன்.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

பாதி சரி. ஃபிடில் மெட்டுகளிலும் கதைப்பாடல்களிலும் பிரிட்டிஷ் தீவுகளின் பங்கு பெரியது. பாஞ்சோ அப்படியில்லை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் சுரைக்குடுக்கையின் மேல் தோல் கட்டிச் செய்த கருவி அது. 1680-களின் இறுதியில் ஜமைக்காவில் இருந்த ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் அப்படிப்பட்ட கருவிகளை விவரித்து, படத்தோடு 1707-இல் வெளியிட்டார். தென் கரோலினாவில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரையப்பட்ட ஓவியம் ஒன்றில் கறுப்பினத்தவர் ஒருவர் சுரைக்குடுக்கைப் பாஞ்சோ வாசிக்கிறார். குட்டைத் தந்தி அதில் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே ஐந்தாவது தந்தியை வர்ஜீனியாவின் ஜோயல் ஸ்வீனி (1810-1860) கண்டுபிடித்தார் என்று இன்னும் சில இடங்களில் எழுதுவது தவறு. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகாம்பியப் பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகொன்டிங்கைப் பாருங்கள்: நகம் கீழ்நோக்கித் தட்டுகிறது, கட்டைவிரல் குட்டைத் தந்தியில் உட்காருகிறது. கோவை மாணவருக்கு மேலே சொன்ன அதே கை.

'ஒதுங்கியிருந்தது' என்பதும் பொருந்தாது. ரயில் பாதை போடவும் குகை குடையவும் நிலக்கரி வெட்டவும் கறுப்பினத் தொழிலாளர்கள் மலைக்குள் வந்தார்கள், பாட்டும் வந்தது. பிறகு ஏன் வெள்ளையர் இசை என்ற பெயர்? இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று, சேகரித்தவர்களின் கண். இங்கிலாந்திலிருந்து வந்த செசில் ஷார்ப்பும் அவர் உதவியாளர் மாட் கார்ப்பெலிஸும் 1916 முதல் 1918 வரை மொத்தம் 46 வாரங்கள் மலையில் அலைந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெட்டுகளைக் குறித்தார்கள். பெரிய பணி. ஆனால் ஷார்ப் தேடியது ஆங்கிலப் பாட்டு. கறுப்பினப் பாடகர்களையும் பாஞ்சோவையும் அவர் ஏறக்குறையக் கண்டுகொள்ளவில்லை. மற்றொன்று வியாபாரம். 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தவருக்கு ஒரு வரிசை, 'ஹில்பில்லி' என்று வெள்ளையருக்கு ஒரு வரிசை என்று விற்றன. ஒரே ஊரில் ஒரே பாட்டை வாசித்தவர்கள் தட்டில் பிரிந்தார்கள்.

1927 ஜூலை, ஆகஸ்டில் டென்னசி-வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் நடத்திய ஒலிப்பதிவில்தான் கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக் குழு முதன்முதலாகப் பதிவானது. அதன் பிறகு ஏ. பி. கார்ட்டர் புதுப் பாட்டு தேடி மலையூர்களுக்குப் போனபோது உடன் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிட்டார் கலைஞர். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனத்தில் ஏற்றிக்கொள்வார். தட்டில் அவர் பெயர் இல்லை.

அண்மையில் இந்தக் கணக்கு கொஞ்சம் நேராகிறது. வட கரோலினாவின் மலையடிவாரப் பகுதியில் ஜோ தாம்ப்சன் (1918-2012) என்ற கறுப்பின ஃபிடில் கலைஞர் குடும்ப வழியாக வந்த நடன இசையை வாசித்துவந்தார். 2005-இல் ரியானன் கிடன்ஸ், டாம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் மூவரும் அவர் வீட்டுக்குத் தொடர்ந்து போய்க் கற்று, கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவாக வளர்ந்தார்கள். 2010-இல் வந்த அவர்கள் தொகுப்புக்கு மரபு நாட்டுப்புற இசைக்கான கிராமி கிடைத்தது.

ஃபிடிலுக்குள் பாம்பின் வாலைப் போடுவார்களாமே, உண்மையா?
(வாசகர், தேனி)

உண்மை. கிலுகிலுப்பைப் பாம்பின் வால்கிலுக்கை 'எஃப்' வடிவத் துளை வழியாக உள்ளே போடுவார்கள். ஈரம் அண்டாது, எலி வராது, சிலந்தி கூடு கட்டாது, நாதம் கூடும் என்று ஆளுக்கொரு காரணம். அசைந்து அசைந்து உள்ளே சேரும் தூசியைத் திரட்டும் என்பது மட்டும் நம்பத்தக்கது. தேனியில் முயல வேண்டாம், அந்தப் பாம்பு அமெரிக்கக் கண்டங்களில்தான் உண்டு. ஒரு பிடி உலர்ந்த அரிசியை உள்ளே போட்டுக் குலுக்கிக் கொட்டினால் தூசி வந்துவிடும்.

பள்ளிக் குழந்தைகளுக்கு எளிதாகக் கற்றுத்தர மலை டல்சிமர் நல்லது என்றார்கள். ராகம் வாசிக்க முடியுமா?
(இசை ஆசிரியை, ஊட்டி)

எளிதுதான். மடியில் கிடத்தி வாசிக்கும் மூன்று தந்திக் கருவி. ஜெர்மானியக் குடியேறிகளின் ஷைட்ஹோல்ட் என்ற கருவியிலிருந்து வந்தது. மெட்டுகள் பன்னிரண்டு சுரத்துக்கும் இல்லை, ஏழு சுரத்துக்கே. அதனால் குழந்தை எங்கே விரல் வைத்தாலும் அபசுரம் எழாது. பழைய முறையில் விரலும் வேண்டாம்: சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மூங்கில் துண்டால் முதல் தந்தியை அழுத்தித் தேய்த்துக்கொண்டே போக, வலக்கையில் வாத்து இறகின் தண்டால் மூன்று தந்தியையும் மீட்டுவார்கள். மற்ற இரண்டும் சுருதிக்கு. கென்டக்கியின் வைப்பர் ஊரில் பிறந்த ஜீன் ரிட்சி (1922-2015) இந்த முறையை நியூயார்க் வரை கொண்டுபோனவர்.

ராகம் என்று கேட்டதால் சொல்கிறோம், இந்தக் கருவியே ஒரு கிரகபேத (ஷட்ஜத்தை இடம் மாற்றி வேறு ராகம் பெறும் முறை) விளக்கப்படம். சுருதித் தந்திகள் டி, ஏ என்றே இருக்கட்டும். பாட்டை வாசிக்கும் முதல் தந்தியை டி-யில் கூட்டி, திறந்த தந்தியை ஷட்ஜமாக்கினால் ஹரிகாம்போதி. அதையே ஏ-க்கு இறக்கி மூன்றாம் மெட்டில் தொடங்கினால் சங்கராபரணம். சி-யில் கூட்டி முதல் மெட்டில் தொடங்கினால் நடபைரவி. ஜி-யில் கூட்டி நான்காம் மெட்டில் தொடங்கினால் கரகரப்பிரியா. கமகம் வராது, சுரக்கோவை மட்டும்.

இரண்டு எச்சரிக்கை. மெல்லிய தந்தியை டி-யிலிருந்து ஏ-க்கு இறக்கினால் தொங்கி இரையும். 0.012 அங்குலத் தந்தி போட்டிருந்தால், ஏ-க்கு 0.014 மாற்றுங்கள். அடுத்து, இப்போது விற்கும் கருவிகளில் ஆறாம் மெட்டுக்கும் ஏழாம் மெட்டுக்கும் நடுவே கூடுதலாக ஒரு மெட்டு இருக்கும், 'ஆறரை' என்று அதற்குப் பெயர். எண்ணும்போது அதைச் சேர்த்துவிட்டால் மேலே சொன்ன கணக்கெல்லாம் உதைக்கும்.

ஓல்ட் டைமும் புளூகிராஸும் எப்படி வேறுபடுகின்றன? வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் ஒரு கூட்டு வாசிப்புக்குப் போய், 'முறைத்துப் பார்த்தார்கள்' என்று திரும்பிவிட்டான்.
(வாசகர், திருச்சி)

புளூகிராஸ் மேடைக்குப் பிறந்தது. பில் மன்ரோ தொடங்கி, 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோவோடு சேர்ந்த பிறகு உருவம் பெற்றது. ஒருவர் தனி ஆவர்த்தனம் வாசிக்க மற்றவர் ஒதுங்குவார்கள். ஓல்ட் டைம் நடனத்துக்கானது. தனி என்பதே கிடையாது. எல்லோரும் ஒரே மெட்டை, ஒரே நேரத்தில், பத்துப் பதினைந்து முறை சுற்றுவார்கள். முதல் ஐந்து சுற்று சலிப்பாக இருக்கும், அதற்கு மேல்தான் நடை பிடிக்கும்.

உங்கள் மகன் செய்தது என்னவென்று கடிதத்தில் இல்லை, ஆனால் முறைப்பு வருவதற்கான காரணங்கள் சில உண்டு. ஃபிடில் வாசிப்பவரே தலைமை. அவர் தொடங்கும் முன் தொடங்கக் கூடாது. ஒரு கிட்டார் ஏற்கெனவே இருந்தால் இரண்டாவது கிட்டார் கேட்டுவிட்டு உட்கார வேண்டும், ஏனென்றால் இரண்டு கிட்டாரும் வேறு வேறு துணைச்சுரம் பிடித்தால் மெட்டு குழம்பும். ஒரு சுருதியில் ஒரு மணி நேரம் வாசிப்பார்கள். நடுவில் வேறு சுருதியில் பாட்டு கேட்டால் எல்லாப் பாஞ்சோவும் ஃபிடிலும் மீண்டும் கூட்ட வேண்டும். அதைவிடப் பெரிய பாவம் அங்கே இல்லை. தலைமை ஃபிடில்காரர் ஒரு காலைத் தூக்கினால் இதுவே கடைசிச் சுற்று. கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவர் தனியாக மாட்டிக்கொள்வார்.

தெரியாத பாட்டென்றால் வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து மெல்ல வாசிக்கலாம், யாரும் தடுப்பதில்லை.

இந்த இசையை இன்று யார் காப்பாற்றுகிறார்கள்? வீட்டிலிருந்தே கேட்டுக் கற்க வழி உண்டா?
(வாசகி, புதுச்சேரி)

பெரும்பாலும் வேறு தொழில் செய்தவர்கள். வட கரோலினாவின் மவுண்ட் ஏரி ஊர்ப் பக்கத்து ஃபிடில் கலைஞர் டாமி ஜாரல் (1901-1985) நெடுஞ்சாலைத் துறையில் மண் சமன் செய்யும் இயந்திரம் ஓட்டினார். 1966-இல் ஓய்வு பெற்ற பிறகு இளைஞர்கள் நாடு முழுவதிலிருந்தும் அவர் வீட்டுக்கு வந்தார்கள். தங்கவைத்துச் சோறு போட்டுக் கற்றுத்தந்தார். 1982-இல் அமெரிக்க அரசு நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தேசிய மரபுரிமை விருதைத் தொடங்கியபோது முதல் ஆண்டிலேயே பெற்றார்.

கதைப்பாடலில் வழி வேறு. வட கரோலினாவின் மேடிசன் கவுண்டியில் பாடுபவரும் கற்பவரும் முழங்காலோடு முழங்கால் படும்படி எதிரெதிரே உட்காருவார்கள். ஒரு அடி பாட, ஒரு அடி திருப்பிச் சொல்ல வேண்டும். பக்கவாத்தியம் கிடையாது. குரலை நடுக்குவதும், அழுகை காட்டுவதும் கூடாது. கொலையைப் பாடினாலும் நேர்க்குரல்தான். அந்தப் பாட்டுகளை அவர்கள் 'காதல் பாட்டு' என்றே சொல்வார்கள், பாதிக்கு மேல் யாராவது செத்துப்போனாலும்! அந்த வழியில் ஏழாம் தலைமுறைப் பாடகியான ஷீலா கே ஆடம்ஸ் 2013-இல் அதே தேசிய விருதைப் பெற்றார்.

குழந்தைகளுக்கு, ஹெலன் ஒயிட் என்ற பள்ளி ஆலோசகர் 2000-இல் வட கரோலினாவின் ஆலகெனி கவுண்டியில் தொடங்கிய 'ஜூனியர் அப்பலாச்சியன் மியூசிஷியன்ஸ்' திட்டம். பள்ளி விட்ட பிறகு, இரவல் கருவியில், சுரக்குறிப்பு இல்லாமல் காதால் கற்பிக்கிறார்கள். பக்கத்து மாநிலங்களுக்கும் பரவியிருக்கிறது. கலைக்கூடங்களைவிட இந்த இரவல் கருவிதான் முக்கியம் என்பது எங்கள் கருத்து. மரபு அறுவது ஆர்வமில்லாமல் அல்ல, வீட்டில் ஃபிடில் இல்லாததால்தான்.

வீட்டிலிருந்து கேட்க, வர்ஜீனியாவின் ஹென்றி ரீட் (1884-1968) என்ற முதிய ஃபிடில்காரரிடம் நாட்டுப்புறவியலாளர் ஆலன் ஜபூர் 1966, 67-இல் பதிவு செய்த 184 பதிவுகள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசம். ஒரு பாட்டை எடுத்து முதலில் ஒரு வாரம் கருவியைத் தொடாமல் கேளுங்கள், வாயால் பாட வரும்வரை. பிறகு வேகத்தை 60 சதவீதத்துக்குக் குறைத்து, பருமன் பகுதியை மட்டும் எடுங்கள். சுரக்குறிப்பை முதலில் தேடாதீர்கள்; அதில் எந்தச் சுரம் என்பது இருக்கும், வில் எங்கே திரும்புகிறது என்பது இருக்காது. மவுண்ட் ஏரியின் டபிள்யூ-பி-ஏ-க்யூ வானொலி 1948 முதல் உள்ளூர் இசையை ஒலிபரப்புகிறது. சனிக்கிழமை நேரடி நிகழ்ச்சியை இணையத்திலும் கேட்கலாம்.

அடுத்த ஆண்டு மகள் வீட்டுக்கு அமெரிக்கா போகிறோம். நேரில் கேட்க எங்கே, எப்போது போகலாம்?
(தம்பதியர், ஈரோடு)

ஆகஸ்ட் என்றால் வர்ஜீனியாவின் கேலக்ஸ். 1935 முதல் நடக்கும் ஃபிடில் போட்டி, ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தை ஒட்டி வரும். மேடையை அரை மணி பார்த்துவிட்டுக் கூடாரங்களுக்கு நடுவே நடங்கள். இசை அங்கேதான் நடக்கிறது, விடிய விடிய. மற்ற மாதங்களில் வெள்ளிக்கிழமை இரவு ஃபிளாய்ட் ஊர்க் கடையில் நடனம், சனிக்கிழமை இரவு ஹில்டன்ஸில் கார்ட்டர் குடும்பத்தார் தொடங்கிய அரங்கு. ஹில்டன்ஸில் மின்கருவிகளுக்கு இடமில்லை. மலையில் ஆகஸ்டிலும் இரவு குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். மகளோ பேரப்பிள்ளையோ வாசிப்பவர்கள் என்றால் மடக்கு நாற்காலியையும் காரில் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பிடி இல்லாததாக இருக்கட்டும்; கைப்பிடி வில்லுக்கும் பாஞ்சோவின் கழுத்துக்கும் இடிக்கும்.